தாலிக்கு முன்பே நடந்துவிடும் கல்யாணம்

போன தை மாதம் காட்பாடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அண்டை வீடு, இந்துக் குடும்பம். தாலி கட்டி முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "இப்பதான் கண்ணாலம் ஆச்சாம்மா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, அது அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஆயிடுச்சு" என்றேன். அவர் முகத்தில் குழப்பம். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது, மேற்கொண்டு சொல்ல முடியவில்லை.

அந்தப் பாட்டிக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் என் கணவரும் சில வருடங்களாக எங்கள் பங்கில் (எங்கள் கோவிலைச் சேர்ந்த சபையில்) திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு உதவி செய்கிறோம். அங்கே வரும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே இந்த விஷயம் புதிதாக இருக்கிறது. அதனால் எந்த மதத்தவரும் புரிந்துகொள்ளும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

தாலி கட்டும் முன் என்ன நடக்கிறது? சாமியார் (கோவில் குருவானவர்) மணமக்களை எழுந்து நிற்கச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்கிறார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா? வாழ்நாள் முழுக்க ஒருவரையொருவர் நேசித்து மதிக்கத் தயாரா? கடவுள் தரும் குழந்தைகளை அன்போடு ஏற்று, கிறிஸ்துவின் வழியில் வளர்ப்பீர்களா? மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, வலது கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாக இருப்பேன் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சம்மதத்தைச் சாமியார் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார். அந்த நொடியில் கல்யாணம் ஆகிவிட்டது. மோதிரம், தாலி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆசீர்வதிக்கப்படுகின்றன.

தாலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிலுவையோ புறாவோ பொறித்த தாலி என் கழுத்திலும் என் அம்மா கழுத்திலும் கிடந்ததுதான். தமிழ் மண்ணின் அடையாளத்தைத் திருச்சபை ஆசீர்வதித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தாலி இல்லாத தேசத்திலும் கத்தோலிக்கத் திருமணம் நடக்கிறது, சம்மதம் இல்லாமல் எங்கேயும் நடக்காது. வகுப்பில் நான் இன்னொன்றும் சொல்வேன், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இந்தக் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் சாமியார் இல்லை. நம்முடைய இலத்தீன் மரபில், திருமணம் என்ற அருட்சாதனத்தை மணமகனும் மணமகளும்தான் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். குருவானவர் திருச்சபையின் சாட்சியாக நிற்கிறார். கேரளத்திலிருந்து வேலூருக்கு வேலைக்கு வந்திருக்கும் சீரோ மலபார் கத்தோலிக்கர்களின் கீழை மரபில் குருவின் ஆசீரும் கட்டாயம் வேண்டும். ஆனாலும் அங்கேயும் சம்மதம் இல்லாமல் எதுவும் இல்லை.

சரி, அருட்சாதனம் என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத கடவுளின் அருளைக் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தின் வழியாகத் தருவது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்), நற்கருணை (பூசையில் வாங்கும் அப்பம்) என்று மொத்தம் ஏழு, அதில் ஒன்று திருமணம். பழைய ஆட்கள் இதை மெய்விவாகம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை, இரண்டுமே இதில் உண்டு. கிறிஸ்து தம் திருச்சபையை நேசிப்பது போலக் கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று பைபிளில் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் வருகிறது. கிறிஸ்து எப்படி நேசித்தார்? தன் உயிரைக் கொடுத்து. அதே பகுதி, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்றுதான் தொடங்குகிறது. பெண்டாட்டி அடங்கி நடக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இந்த வாசகத்தை எடுத்துக்கொள்பவர்கள் முதல் வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சாமியாரும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்ற சட்டம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இரண்டு பேர் தனியாக நின்று வாக்குக் கொடுத்தாலே திருமணம் என்று இருந்தது. பிறகு ஆண் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்துவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வான். ஏமாந்து நின்றது பெண்தான். அதைத் தடுக்கத்தான் 1563-இல் பிஷப்புகள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், பங்குக்குருவும் சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்று விதித்தது.

எல்லாமே சம்மதத்தில் நிற்பதால், அந்தச் சம்மதம் உண்மையானதுதானா என்று பார்ப்பதற்கே பாதி ஏற்பாடுகள். புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். "ஞானஸ்நானம் வாங்கினது மாறிடவா போகுது, பழசு போதாதா?" என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காரணம் உண்டு. ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் திருமுழுக்குப் பெற்ற கோவிலின் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அதைக் குறித்து வைப்பது சட்டம். புதுச் சான்றிதழ் வாங்கினால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பது தெரிந்துவிடும். அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஊர் அறியக் கேட்பது. பெண்ணின் பங்கிலும் பையனின் பங்கிலும் வாசிப்பார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, பங்குத்தந்தை பெண்ணையும் பையனையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்கும் விசாரணை. அம்மா அப்பா கூட இருக்கக் கூடாது. "உனக்கு இதில் முழுச் சம்மதமா? யாராவது மிரட்டினார்களா? மறைத்தது ஏதாவது இருக்கிறதா?" இதைப் பல பேர் படிவம் நிரப்பும் வேலையாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். தங்கச்சிகளா, உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் அதைச் சொல்வதற்கென்றே திருச்சபை ஒதுக்கிக் கொடுத்த இடம் அது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. மிரட்டலிலோ பயத்திலோ கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை. அப்படி நடந்தது பேராலயத்திலேயே நடந்திருந்தாலும் செல்லாது.

வரதட்சணையையும் நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். நகை பேசி முடித்த பிறகுதான் சம்மதம் என்றால், அந்தச் சம்மதம் யாருக்குக் கொடுத்தது, பெண்ணுக்கா பவுனுக்கா? நாட்டில் 1961-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. பீடத்துக்கு முன்னால் "முழு மனதோடு" என்று சொல்லும் வாய், முந்தின இரவு பைக் வேண்டும் என்று சண்டை போட்டிருக்கக் கூடாது. சாதியும் அப்படியே. திருச்சபைச் சட்டத்தில் திருமணத் தடைகள் என்று ஒரு வரிசையே இருக்கிறது, அதில் சாதி கிடையாது. நம் குடும்பங்கள்தான் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அது எனக்குப் பெரிய வேதனை.

சட்டத்தில் நிஜமாகவே இருக்கும் ஒரு தடை, நம் ஊரில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது சொந்தத்தில் கல்யாணம். அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று உரிமையோடு கட்டுவது வட ஆற்காட்டில் சகஜம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பக்கவழிச் சொந்தத்தில் நான்காம் படி வரை தடை என்கிறது. எண்ணுவது சுலபம். பொதுவான தாத்தா பாட்டியை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுங்கள். அக்கா மகள், அக்கா, தாய்மாமன்: மூன்று பேர், மூன்றாம் படி. அத்தை மகன், அத்தை, அப்பா, மகள்: நான்கு பேர், நான்காம் படி. இரண்டுமே தடைக்குள் வருகின்றன. தகுந்த காரணம் இருந்தால் மறைமாவட்ட ஆயர் (பிஷப்) விதிவிலக்கு தர முடியும். ஆனால் அது கேட்டால் தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. அண்ணன் தங்கை உறவுக்கு எந்தக் காலத்திலும் விதிவிலக்கு கிடையாது. பழைய 1917 சட்டத்தில் இரண்டு தலைமுறை தள்ளிய சொந்தம் கூடத் தடைக்குள் வந்தது. அதனால் பெரியவர்கள் சொல்லும் கணக்கும் இப்போதைய கணக்கும் ஒத்துப்போகாது. மருத்துவக் காரணம் தனி. நெருங்கிய சொந்தத்தில் சில பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையிலேயே மரபணு ஆலோசனை தருகிறார்கள். ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வருவதில் தப்பில்லை.

அடுத்து, எங்கள் வகுப்பில் அதிகம் வரும் கேள்வி: "பொண்ணு சி.எஸ்.ஐ., பரவாயில்லையா?" சி.எஸ்.ஐ. என்பது புராட்டஸ்டண்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபை. இங்கே 1853-இலேயே அமெரிக்க ஆற்காடு மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் ஊழியம் வந்துவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே சி.எஸ்.ஐ. ஆலயம் இருக்கிறது. கத்தோலிக்கருக்கு வேலூர் மறைமாவட்டம் 1952-இல் உருவானது. ஒரே தெருவில் இரண்டு சபையும் இருக்கும்போது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பாமல் இருப்பார்களா? பதில்: முடியும், ஆனால் அனுமதி வேண்டும். இருவரும் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால் அந்தத் திருமணமும் அருட்சாதனமே. இந்துவையோ முஸ்லிமையோ மணக்க அனுமதி மட்டும் போதாது, ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. விதிவிலக்கோடு நடந்தால் அது செல்லுபடியாகும் உண்மையான திருமணம். ஆனால் ஒருவர் திருமுழுக்குப் பெறாததால் அதை அருட்சாதனம் என்று சொல்வதில்லை.

இந்தக் குடும்பங்களில் பெரிய பயம் ஒன்று இருக்கும்: "எங்க பிள்ளையை மதம் மாறச் சொல்வாங்களா?" மாற வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வாக்குக் கொடுக்க வேண்டியவர் கத்தோலிக்கர்தான். என் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்க மரபில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்பது அந்த வாக்கு. மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அவரிடம் கையெழுத்து கேட்பதில்லை. தகுந்த காரணம் இருந்தால் ஆயரின் விதிவிலக்கோடு சி.எஸ்.ஐ. ஆலயத்திலேயே திருமணம் நடத்தவும் வழி உண்டு. ஆனால் இரண்டு வீட்டையும் திருப்திப்படுத்தக் காலையில் ஒரு ஆலயத்திலும் சாயங்காலம் இன்னொன்றிலும் என்று இரண்டு தடவை நடத்தக் கூடாது. சம்மதத்தை ஒரே ஒரு தடவைதான் கொடுக்க முடியும்.

கொடுத்த பிறகு திரும்ப வாங்கவும் முடியாது. மத்தேயு நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில் இயேசு, "கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்" என்கிறார். இருவரும் திருமுழுக்குப் பெற்று, முறையாக மணந்து, கணவன் மனைவியாக வாழ்ந்த திருமணத்தை மரணம் தவிர எதுவும் முறிக்காது. ஆயருக்கோ திருத்தந்தைக்கோ (போப்பாண்டவருக்கோ) கூட அந்த அதிகாரம் இல்லை. மரணம் முறிக்கும் என்பதால், கணவனை இழந்தவர் மறுமணம் செய்துகொள்ளத் திருச்சபையில் எந்தத் தடையும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து தனியாகவே இருந்துவிடும் நம் பெண்களுக்கு இதை யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சத்தமாகவே சொல்கிறேன். திருமணம் முறியாது என்பதற்கு, அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் கிடக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. உயிருக்கோ உடம்புக்கோ மனதுக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. உடனடி ஆபத்து என்றால் யார் அனுமதிக்கும் காத்திராமல் கிளம்பிவிடலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையில், சில நேரங்களில் பிரிவது ஒழுக்கக் கடமையாகவே ஆகிவிடுகிறது என்கிறார். எனக்கு நெருக்கமான ஒரு பெண், "இது உன் சிலுவை, பொறுத்துக்கோ" என்ற அறிவுரையைக் கேட்டு ஒன்பது வருடம் பொறுத்திருந்தார். சொன்னவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சொன்னது திருச்சபையின் போதனை இல்லை. அந்த ஒன்பது வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு "கோவில்ல விவாகரத்து தராங்களாமே" என்ற பேச்சு. அது விவாகரத்து இல்லை. ஆரம்பத்திலிருந்தே அந்தத் திருமணம் செல்லாததாக இருந்ததா என்று திருச்சபையின் திருமண நீதிமன்றம் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்கிறது. மறுபடியும் அதே சம்மதம்தான். மிரட்டிக் கட்டி வைத்தார்களா? முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா? பிள்ளையே வேண்டாம் என்றோ, உண்மையாக இருக்கப் போவதில்லை என்றோ முன்பே மனதில் முடிவு செய்துவிட்டு வந்தாரா? கடுமையான மனநோயால் திருமணப் பொறுப்பை ஏற்க முடியாத நிலையில் இருந்தாரா? ஆம் என்று நிரூபணமானால், அங்கே அவிழ்ப்பதற்கு ஒரு முடிச்சே விழவில்லை என்று அர்த்தம். அதனால் பிள்ளைகளின் தகுதிக்கு எந்தக் குறையும் வராது. முன்பு ஒரே தீர்ப்பை இரண்டு நீதிமன்றங்கள் சொல்ல வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். 2015-இல் பிரான்சிஸ் அந்த விதியை எடுத்துவிட்டார். ஆனால் நாட்டுச் சட்டத்தின் முன் இந்தத் தீர்ப்பு போதாது. உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் இதைத் தெளிவாக்கிவிட்டது. கோர்ட்டிலும் தனியாக வழக்குப் போட்டு முடித்தால்தான் மறுமணம் செய்ய முடியும்.

கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவர் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! அப்படி எந்தச் சட்டமும் இல்லை. முதல் திருமணம் நிற்கும்போதே மறுமணம் செய்தால்தான் நற்கருணை பற்றிய கேள்வி வருகிறது. அவர்களும் திருச்சபைக்கு வெளியே போய்விட்டவர்கள் இல்லை. தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அம்மா, வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். திருமணத்தின் நோக்கம் இரண்டு: தம்பதியரின் நன்மை, பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது. தாம்பத்திய உறவில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே பிரிக்கக் கூடாது என்று 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மனித உயிர்' என்ற சுற்றுமடலில் போதித்தார். மாத்திரை, ஆணுறை, கருத்தடை ஆபரேஷன் ஆகியவற்றைத் திருச்சபை ஏற்காதது அதனால்தான். அதற்காக வருடத்துக்கு ஒன்று பெற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. உடல்நலம், வருமானம், ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் பார்த்துப் பொறுப்போடு தீர்மானிக்க வேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான். இடைவெளி வேண்டும் என்றால் பெண்ணின் உடல் காட்டும் அறிகுறிகளைக் கவனித்துக் கருத்தரிக்கும் நாட்களைத் தவிர்க்கும் இயற்கை முறையைக் காட்டுகிறது. இது கடினமான போதனை, நான் மறைக்கவில்லை. கணவன் ஒத்துழைக்காவிட்டால் நடக்கவே நடக்காது. வகுப்பில் இதை என் கணவர்தான் பையன்களுக்குச் சொல்வார், நான் சொல்வதை விட அது நன்றாக ஏறுகிறது.

குழந்தை இல்லாத தம்பதியருக்குத் திருச்சபை சொல்வதை நம் வீடுகள் கேட்பதே இல்லை. மலட்டுத்தன்மை திருமணத்தைச் செல்லாததாக்காது என்று சட்டத்தில் தனியாகவே எழுதியிருக்கிறது. பிள்ளை இல்லாத திருமணமும் முழுமையான திருமணம். "இன்னொண்ணு கட்டி வைக்கலாம்" என்று பேசுகிற மாமியார்களுக்கு இதற்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. சோதனைக் குழாய் முறையைத் திருச்சபை ஏற்பதில்லை, ஆனால் குழந்தைப்பேறுக்கு உதவும் மருத்துவத்தை வரவேற்கிறது. தத்தெடுப்பதை மிக உயர்ந்த அன்பாகப் பார்க்கிறது.

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. பெரிய பெயர், ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பாயில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வதும், அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) நம் வீட்டைத் திறந்துவிடுவதும், சண்டை போட்டுவிட்டுப் படுக்கப் போகாமல் இருப்பதும்தான் அது. விசுவாசத்தில் பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர், மறைக்கல்வி ஞாயிறு ஒரு மணி நேரம்தான். அப்புறம் ஒரு விஷயம், பைபிளின் தொடக்க நூலைக் கவனித்துப் படியுங்கள்: தாய் தந்தையை விட்டுவிட்டு மனைவியோடு ஒன்றாக வேண்டியவன் ஆண் என்றுதான் அங்கே இருக்கிறது. நம் வழக்கத்தில் பெண் தன் வீட்டை விட்டு வருகிறாள், பையன் அம்மாவின் பிள்ளையாகவே இருந்துவிடுகிறான். பெற்றோரைக் கைவிடச் சொல்லவில்லை, நான்காம் கட்டளை அவர்களைக் காப்பாற்றச் சொல்கிறது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவனுடைய முதல் சொந்தம் மனைவி.

கடைசியாக, போன வகுப்பில் கம்மவான்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவர் கேட்டது. ராணுவத்தில் இருக்கிறார், லீவு கொஞ்ச நாள்தான், அதற்குள் எல்லாம் முடியுமா என்று. ஓலை வாசிக்க நீங்கள் ஊரில் இருக்க வேண்டியதில்லை தம்பி, சான்றிதழ்களை வீட்டில் வாங்கி வைத்துவிடலாம். ஆனால் அந்தத் தனி விசாரணைக்கு நீங்களே வர வேண்டும், உங்களுக்குப் பதிலாக அம்மா வந்து பதில் சொல்ல முடியாது. தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) நம் பங்குகளில் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை, அதையும் பார்த்து லீவு போடுங்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.